தட்டுப்பாடு காத்த தெரு

நியூசிலாந்தின் வட தீவில், கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது நேப்பியர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அங்கு நடக்கும் ஆர்ட் டெக்கோ விழாவின்போது டென்னிசன் தெருவிலும் எமர்சன் தெருவிலும் (தெருக்களுக்குக் கவிஞர்களின் பெயரைச் சூட்டிய ஊர் அது) 1930களின் தொப்பியும் முத்துமாலையுமாக மக்கள் நடமாடுவார்கள். பேக்கார்டு, ஃபோர்டு, ஆஸ்டின் எனப் பழைய கார்கள் கடற்கரைச் சாலையில் வரிசைகட்டி ஊர்வலம் போகும். இந்த விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் மரபின்மேல் ஊரார் வைத்திருக்கும் பற்றைப் பாராட்டி முடித்துவிடுவது வழக்கம். பற்று இருப்பது உண்மைதான். ஆனால் பற்று வந்து சேர்ந்தபோது தெருவுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அதுவரை அங்குள்ள ஆர்ட் டெக்கோ கட்டடங்களையும், நாட்டின் பழைய கார்களையும் காப்பாற்றி வைத்தது கையில் காசில்லாத நிலைமை என்றே சொல்ல வேண்டும்.

தெரு பிறந்த கதையிலேயே இது தெரிகிறது. 1931 பிப்ரவரி 3, காலை 10.47 மணிக்கு வந்த 7.8 அளவு நிலநடுக்கம் நேப்பியர் அமைந்த ஹாக்ஸ் பே வட்டாரத்தில் 256 பேரைப் பலிகொண்டது. மருந்துக் கடைகளில் மூண்ட தீ பரவியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லாமல் ஊரின் நடுப்பகுதி எரிந்தது. நகர மன்றத்தின் இடத்தில் அரசு நியமித்த இரண்டு ஆணையர்கள் நிர்வாகத்தை ஏற்றார்கள். கிளைவ் சதுக்கத்தில் தகரக் கொட்டகைகள் போட்டு வியாபாரம் நடந்தது. அதற்குத் தகர ஊர் என்றே பெயர். உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. பழைய செங்கல் கட்டடங்களின் கைப்பிடிச் சுவரும் கொடுங்கையும் தெருவில் ஓடியவர்கள் தலையில் விழுந்ததை ஊர் கண்ணால் பார்த்திருந்தது. ஆகவே, புடைத்து நிற்கும் அலங்காரம் எதுவும் இல்லாத, பெரும்பாலும் இரண்டு மாடிக்கு மேற்படாத கான்கிரீட் பெட்டிகளைக் கட்டினார்கள். முகப்பில் மேலோட்டமாகச் சில கோடுகள், சூரியக் கதிர், வளைகோடு. சாந்திலேயே வார்த்துவிடலாம், செலவு குறைவு. இந்தப் பாணிதான் ஆர்ட் டெக்கோ; அது அன்றைய நாகரிகம் என்பது உண்மை. ஆனால் அந்த நாகரிகம் மலிவாகவும் பாதுகாப்பாகவும் இருந்ததால்தான் ஒரு தெரு முழுவதும் அதிலேயே எழுந்தது. லூயி ஹே உட்பட உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேர்ந்து வேலை செய்தார்கள். சாலைகள் அகலமாயின, முனைக் கட்டடங்களின் மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டன, மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போயின. இரண்டே ஆண்டுகளில், 1933 ஜனவரியில், ‘புதிய நேப்பியர்’ என்று ஊர் திருவிழா கொண்டாடியது. இன்றைய விழா சுற்றுலாவுக்காக 1980களில் கண்டுபிடிக்கப்பட்டது என்று குறைசொல்கிறவர்கள் இந்த 1933ஐக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டிய தெரு நின்றதற்குக் காரணமும் அதே வகையானது. இடித்துவிட்டு உயரமாகக் கட்டும் அளவுக்கு ஊரில் பணம் புரளவில்லை. பணம் புரண்ட ஊர்களில் என்ன நடந்தது என்பதற்கு ஆக்லாந்து சாட்சி. பங்குச் சந்தை கொழித்த 1980களில் அங்கே பழைய கட்டடங்கள் வரிசையாக விழுந்தன. ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கு 1988இல் இடிக்கப்பட்டது. நேப்பியரிலும் சில நல்ல கட்டடங்கள் போயின. மிஞ்சியதைக் காக்க ஆர்ட் டெக்கோ அறக்கட்டளை உருவானது 1985இல்.

இனி கார்கள். ஏற்றுமதி வருமானம் குறைந்து அந்நியச் செலாவணி கரைந்ததால், 1938 டிசம்பரில் நியூசிலாந்து அரசு இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. போருக்குப் பிறகும் அது பல பத்தாண்டுகள் நீடித்தது. வெளிநாட்டில் பணம் வைத்திருப்பவருக்குப் புதுக் கார் சீக்கிரம் கிடைக்கும்; மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். சற்றே ஓடிய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போன விந்தையும் உண்டு. இப்படிப்பட்ட நாட்டில் காரைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? துருவைச் சுரண்டி, உதிரிப் பாகத்தைப் பட்டறையிலேயே கடைந்து, வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். இன்று கண்காட்சியில் கைதட்டல் வாங்கும் பராமரிப்புத் திறமை அன்று வயிற்றுப்பாட்டு வித்தை. 1980களின் கடைசியில் ஜப்பானின் பழைய கார்கள் மலிவாக வந்து குவிந்தன; 1998இல் சுங்கவரி நீங்கியதும் உள்ளூரில் கார் பூட்டும் ஆலைகள் மூடின. தட்டுப்பாடு ஒழிந்த அதே காலத்தில்தான் பழைய வண்டி சாலையை விட்டு விழாவுக்குள் முழுதாக நுழைந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர்வலத்தில் வரும் வண்டிகள் எல்லாம் அப்படி மிஞ்சியவை அல்ல. சேகரிப்பாளர்கள் பின்னாளில் பெரும் பணம் கொடுத்து அமெரிக்காவிலிருந்து தருவித்தவையும் உண்டு. அவை வறுமையின் எச்சம் ஆகா. மேலும் நியூசிலாந்தின் விண்டேஜ் கார் சங்கம் 1946இலேயே தோன்றிவிட்டது, ஆக ஆர்வம் பிந்தி வந்தது என்பதும் முழுச் சரியில்லை. இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு சங்கம் சில நூறு வண்டிகளைப் பேணலாம். அவற்றைத் திருத்தும் கையையும் பட்டறையையும் ஒரு நாடு முழுவதும் உயிரோடு வைத்திருக்கச் சங்கத்தால் ஆகாது. அதைச் செய்தது உரிமச் சட்டம். தருவித்த பேக்கார்டுகூட அந்தக் கைகளை நம்பித்தான் ஓடுகிறது.

இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 1930களின் நியூசிலாந்தைப் பளபளக்கும் காராகவும் முத்துமாலையாகவும் காட்டுவது பொய் என்பது அது. 1932 ஏப்ரலில் ஆக்லாந்தின் குயின் தெருவில் வேலையில்லாதோர் கலவரம் வெடித்தது. அந்த முகங்கள் ஊர்வலத்தில் இடம்பெறுவதில்லை. பூர்வகுடிகளான மாவோரிகளின் இழப்பு இன்னும் மறைவானது. நிலநடுக்கத்தில் தரை 2.7 மீட்டர் வரை எழும்பியதில், அவர்கள் தலைமுறை தலைமுறையாக மீனும் சிப்பியும் எடுத்த டே ஃபங்கானுயி-அ-ஓரோட்டு காயல் பெருமளவு வற்றியது. ஏற்கெனவே அதன் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தது. எழும்பிய நிலமும் அவர்களுக்குத் திரும்பவில்லை. அவர்கள் முறையீட்டில் நியாயம் இருப்பதாக, மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 1995இல் அறிக்கை தந்தது. டென்னிசன் தெருவின் முகப்புகளைப் போலவே அந்தக் காயலும் 1931இன் மரபுதான், ஆனால் அதற்கு ஊர்வலம் கிடையாது. விழாவுக்கு விமானத்தில் வருகிறவர்கள் வந்திறங்கும் நிலம், அந்தக் காலை 10.47 வரை காயலின் அடித்தரை.