ஓல்ட் வார்டன் வானூர்தித் தளம்

ஓல்ட் வார்டன் வானூர்தித் தளம், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் பிக்கிள்ஸ்வேட் நகருக்கு அருகே, ஓல்ட் வார்டன் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ள, புல்தரையையே ஓடுபாதையாகக் கொண்ட சிறு தளமாகும். ரிச்சர்டு ஆர்மண்டு ஷட்டில்வொர்த் (1909–1940) இத்தளம் அமைந்துள்ள தம் குடும்ப நிலத்தில் பழைய வானூர்திகளையும் மோட்டார் வண்டிகளையும் திரட்டி இயங்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது வான்படைப் பயிற்சி விபத்தில் அவர் இறந்தபின், அவருடைய தாய் டோரதி 1944இல் மகனின் நினைவாக அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்.

தொடக்ககால வானூர்திகளுக்குச் சக்கரத் தடை, அதாவது பிரேக், இல்லாததாலும், வாலின் அடியில் பொருத்தப்பட்ட ‘வால் சறுக்கு’ என்னும் கட்டை நிலத்தில் உரசியே அவற்றின் வேகம் குறைவதாலும், புல்தரையே அவற்றுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1909ஆம் ஆண்டின் பிளேரியோ 11, உலகில் இன்றும் பறக்கும் நிலையிலுள்ள மிகப் பழைய வானூர்திகளுள் ஒன்றாக இங்குப் பேணப்படுகிறது; எடை குறைந்த இத்தகைய ஊர்திகளைக் காற்று எளிதில் நிலைகுலைக்கும் என்பதால், காற்றடங்கிய மாலை வேளைகளிலேயே அவை பெரும்பாலும் பறக்கவிடப்படுகின்றன. 1934இல் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா வானூர்திப் பந்தயத்தில் வென்ற டி ஹாவிலண்ட் காமெட்டும் இங்கு உள்ளது.

வானோட்டிகள், பொறிவினைஞர்கள், ஊதியமின்றி உழைக்கும் ஆர்வலர்கள் ஆகியோரடங்கிய சமூகம், மரச்சட்டம், துணிப்போர்வை, பழைய எஞ்சின் ஆகியவற்றைச் சீரமைக்கும் கைத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கையளித்துவருவதே இத்தளத்தின் தலையாய சிறப்பாகும்.