சதொச வளாகத்து எலும்புகள்: காபன் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

முசலியிலிருந்து சிலாவத்துறை, அரிப்பு வழியாக மன்னாருக்குச் செல்வோர், தாம்போதியைக் கடந்து நகருக்குள் நுழையும்போது கண்ணில் படும் முதல் இடங்களில் ஒன்று சதொச வளாகம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு புதிய கட்டடத்துக்காக நிலம் தோண்டப்பட்டது. அங்கிருந்து ஏற்றிச் சென்று வேறிடத்தில் கொட்டப்பட்ட மண்ணில் மனித எலும்புகள் தென்பட்டன. விடயம் நீதிமன்றத்துக்குச் சென்றது. மே மாத இறுதியில், சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷ தலைமையிலும், களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் பங்களிப்புடனும் முறையான அகழ்வு தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் வரை 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் 20க்கும் மேற்பட்டவை சிறுவர்களுடையவை.

அந்த மாதங்களில் வேலிக்கு வெளியே நின்றவர்களின் மனநிலை ஒரே தன்மையானதாக இருக்கவில்லை. புதினம் பார்க்க வந்தவர்கள் இருந்தனர். காணாமற்போன மகனையோ கணவனையோ தேடி, ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை கூடியதைக் கேட்டு நெஞ்சம் பதைத்தவர்களும் இருந்தனர். மன்னார் மாவட்டத்தில் எலும்பு கண்டெடுக்கப்படுவது அது முதன்முறையுமன்று. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்கு அருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 80க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அது பழைய மயானம் என்று ஒரு சாராரும், போர்க்காலப் புதைகுழி என்று மறு சாராரும் வாதிட்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்கவில்லை.

சதொச வளாகத்தில் கிடைத்த எலும்புகளுள் ஆறு மாதிரிகள் 2019 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் அதற்கு நிதியுதவி வழங்கியது. மார்ச் மாதத்தில் கிடைத்த முடிவு, அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை எனத் தெரிவித்தது. ஒரே நாளில் கதை மாறியது. கொலைச் சாட்சியமாகக் கருதப்பட்டவை வரலாற்றுப் பொருளாகிவிட்டன. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம், வேறு சிலருக்கோ சந்தேகம்.

இத்தகைய குழப்பம் உலகில் வேறு இடங்களிலும் நேர்ந்திருக்கிறது. டென்மார்க்கில் 1950ஆம் ஆண்டு மே மாதம், தாவரங்கள் மட்கிக் கறுத்துப்போன சதுப்பு நிலத்தில் எரிபொருளுக்காக மண் வெட்டியவர்கள், கழுத்தில் தோற்கயிற்றுடன் கிடந்த ஒரு மனிதரின் உடலைக் கண்டனர். முகத்துத் தாடிமயிர்கூட அப்படியே இருந்ததால், அண்மையில் நடந்த கொலை என்று கருதிப் பொலிஸாருக்கு அறிவித்தனர். டொலண்ட் மனிதர் என இன்று அறியப்படும் அவர் இறந்து ஏறத்தாழ 2400 ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் 1983இல் நடந்தது இதற்கு நேர்மாறு. லிண்டோ சதுப்பில் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்ததும், பல ஆண்டுகளுக்கு முன்னர் காணாமற்போன தம் மனைவியைக் கொன்றது தாமே என ஒருவர் ஒப்புக்கொண்டார். பின்னர் நடந்த காபன் ஆய்வில் அந்த மண்டையோடு ஏறத்தாழ 1700 ஆண்டுகள் பழமையானது எனத் தெரியவந்தது. ஆயினும் ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் அவர் தண்டிக்கப்பட்டார். பழைய எலும்பு புதிய குற்றத்தை வெளிக்கொணர்ந்த விசித்திரமான வழக்கு அது.

நம்முடைய எலும்புகளின் காலத்துக்கு நெருக்கமானவர் சுவீடனின் பொக்ஸ்டன் மனிதர். 1936இல் வார்பெரி நகருக்கு அண்மையிலுள்ள சதுப்பில் ஒரு பண்ணைச் சிறுவன் கண்டெடுத்த இவ்வுடல் 14ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டுள்ளது. எழுந்து வந்துவிடக் கூடாது என்பதுபோல் உடலின் மீது மரக்கழிகள் அடித்திறக்கப்பட்டிருந்தன. அவர் அணிந்திருந்த முக்காடும் மேலாடையும், மத்திய கால ஐரோப்பிய உடைகளுள் மிக நன்றாகப் பேணப்பட்டவை எனப் போற்றப்படுகின்றன. அவர் யார், ஏன் கொல்லப்பட்டார் என்பது குறித்து சுவீடன் மக்கள் பல தலைமுறைகளாக ஊகித்து வருகின்றனர். நூதனசாலையில் அவரைக் காணக் கூட்டம் இன்றும் குறையவில்லை.

ஐரோப்பியச் சதுப்புகளின் அமில நீர் தோலையும் மயிரையும் பதப்படுத்திக் காக்கிறது. எலும்பையோ பெரும்பாலும் கரைத்துவிடுகிறது. மன்னாரின் மண் இதற்கு எதிரானது. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த கடற்கரை மணல் தசையைத் தின்றுவிட்டு எலும்பைக் காத்து வைக்கிறது. முகம் இருந்தால் அந்நியரும் இரங்குவர். எலும்பு மட்டும் எஞ்சினால் அது எண்ணிக்கையாகிவிடுகிறது. வார்பெரியில் ஒருவருக்குக் கிடைத்த கவனம் மன்னாரில் 300க்கும் மேற்பட்டோருக்குக் கிடைக்காமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இனி, காபன் ஆய்வைக் கவனிப்போம். உயிருள்ளவை அனைத்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் காபன் 14 எனும் கதிரியக்க அணுவைப் பெறுகின்றன. இறந்தபின் வரவு நின்றுவிடும். இருப்பது 5730 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து, மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு திருத்திக் காலம் கணிக்கப்படுகிறது. எனவே விடை தனியொரு ஆண்டாக வராது. ஒரு கால வீச்சாகவே வரும்.

சந்தேகங்களுள் முதலாவது, இந்த ஆய்வு அண்மைக்கால எலும்பைப் பழையதாகக் காட்டிவிடுமா என்பது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளிவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலுள்ள காபன் 14இன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அதன்பின் வாழ்ந்த ஒவ்வொருவரின் உடலிலும் அதன் தடயம் உண்டு. 1985இலோ 1990இலோ 2009இலோ இறந்த ஒருவரின் எலும்பு, 15ஆம் நூற்றாண்டினது போலத் தோன்றுவதற்கு இடமில்லை. பரிசோதிக்கப்பட்ட ஆறு மாதிரிகளும் முறையாக எடுக்கப்பட்டவையெனில், அந்த ஆறு பேரும் போரில் இறந்தவர்கள் அல்லர். இதை ஏற்க மனம் ஒப்பாவிட்டாலும் ஏற்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, கடலுணவு பற்றியது. கடல்நீரில் உள்ள காபன் காற்றிலுள்ளதை விடப் பழையது. மேற்பரப்புக் கடல்நீரே ஏறத்தாழ 400 ஆண்டு மூத்ததாகக் காட்டும். மீனையே பிரதானமாக உண்டவர்களின் எலும்பும் அதற்கேற்ப உண்மையைவிடப் பழையதாகத் தெரியும். மன்னார்க் கரையில் வாழ்ந்தோர் மீன் உண்டிருப்பர் என்பதற்குச் சான்று தேவையில்லை. எனவே 1404–1635 என்ற வீச்சு ஒரு நூற்றாண்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பிந்தியதாக நகரக்கூடும். போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். ஒல்லாந்தர் அதைப் பறித்தது 1658இல். இந்தத் திருத்தம் இறந்தோர் எந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர் என்பதை மாற்றலாம். ஆனால் 20ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்க்காது.

மூன்றாவது சந்தேகமே வலுவானது. 300க்கும் மேற்பட்டோரில் பரிசோதிக்கப்பட்டவை ஆறு மட்டுமே. அகழ்விடத்தின் ஒரு பகுதி முறையாக அடக்கம் செய்யப்பட்ட மயானம் போன்றும், மற்றைய பகுதி உடல்கள் ஒழுங்கின்றிப் போடப்பட்டது போன்றும் இருப்பதாகப் பேராசிரியர் சோமதேவ 2018இலேயே கூறியிருந்தார். சில எலும்புக்கூடுகளின் கால்கள் உலோகத்தால் பிணைக்கப்பட்டிருந்ததாகவும் செய்திகள் வெளிவந்தன. ஒரே நிலத்தில் வெவ்வேறு காலத்து உடல்கள் இருக்க முடியும். பழைய மயானத்தின் மேல் புதிய குற்றம் புதைக்கப்படுவது நடவாத காரியமன்று. ஆறு எலும்புகளின் வயதை எல்லோருக்கும் பொதுவாக்குவதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை.

மறுபுறம், முடிவு வெளியானவுடனேயே சங்கிலி மன்னன் காலத்தில், 1544இல் மன்னாரில் மதம் மாறியோர் கொல்லப்பட்ட நிகழ்வை இந்த எலும்புகளுடன் சிலர் முடிச்சுப்போட்டனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அகன்ற ஒரு வீச்சினுள் நமக்குத் தெரிந்த ஒரேயொரு துயர நிகழ்வைத் தேடிப் பொருத்துவது ஆய்வாகாது. கொள்ளைநோய், பஞ்சம், கப்பற்சேதம், சாதாரண மயானம் என எதுவும் இருக்கலாம்.

முசலி மக்களுக்கு இவ்விடயம் தொலைவானதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியின் கிராமங்களும் வெறுமையாயின. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இற்குப் பின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கம் திரும்பியவர்கள் காடு மூடிய நிலத்தில் தம் ஊரை அடையாளம் காண, பழைய கிணறுகளும் பள்ளிவாசல் அத்திவாரங்களும் மையவாடிகளுமே துணைநின்றன. பிற்பாடு அந்த நிலம் யாருக்குரியது என்ற வழக்கும் வாதமும் எழுந்தபோது, மூதாதையரின் கபுறுகளைக் காட்டிப் பேசவேண்டிய நிலை வந்தது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்துடைய நபிமொழியை அறிந்த சமூகத்துக்கு, மண்ணில் கிடப்பவர் யார் என்பது வெறும் ஆர்வமன்று. 1990 ஜூலையில் மட்டக்களப்பு குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டோரின் உறவினர்கள் புதைகுழியைத் தோண்டுமாறு கோரி நீதிமன்றப் படியேறியதையும் இங்கு நினைவுகூர வேண்டும். மன்னாரில் வேலிக்கு வெளியே நின்ற தாய்மாரின் தவிப்பு அவர்களுக்குப் புரியாததல்ல.

இந்தக் கரையோரத்தின் மண் பல காலத்து இறந்தோரைத் தாங்கி நிற்பது. முசலியின் தெற்கெல்லைக்கு அப்பால், வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் 1956–57இலும் 1970இலும் அகழப்பட்டன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் அவற்றை ஒப்பிட்டு அறிஞர் எழுதியுள்ளனர். அரிப்பிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புக் காலங்களில் காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, அரபுக்கரை எனப் பலவிடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அம்முகாம்களில் வாந்திபேதி பரவியதும், திரும்பிச் செல்லாதோர் கரையிலேயே அடக்கப்பட்டதும் உண்டு. நாளை சிலாவத்துறையில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் எலும்பு வரலாம். அது தாழிக்காலத்ததா, முத்துக்குளிப்புக் காலத்ததா, நம் காலத்ததா என்று பார்த்த மாத்திரத்தில் எவராலும் கூறிவிட முடியாது.

காலத்தைச் சொல்வது எலும்பு மட்டுமன்று, உடனிருக்கும் பொருளும்தான். முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023இல் வெளிப்பட்ட புதைகுழியை, அங்கு கிடைத்த பொருட்களையும் கொண்டு, 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டதெனப் பேராசிரியர் சோமதேவ மதிப்பிட்டார். யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழப்பட்டபோது, ஒரு சிறுபிள்ளையின் எச்சத்துடன் நீலநிறப் புத்தகப்பையும் கிடைத்தது. அந்தப் பையின் காலத்தை அறிய எவரும் புளோரிடா வரை செல்லவேண்டியதில்லை.

சதொச வளாகத்தின் எலும்புகள் பெட்டிகளில் இடப்பட்டு நீதிமன்றப் பொறுப்பில் வைக்கப்பட்டன. ஒழுங்கின்றிக் கிடந்த பகுதியிலிருந்தும் கால்கள் பிணைக்கப்பட்டவற்றிலிருந்தும் சிறுவரின் எச்சங்களிலிருந்தும் தனித்தனியே மாதிரிகள் எடுத்து, உணவுப் பழக்கத்தைக் காட்டும் ஓரிடமூலகச் சோதனையுடன் மீண்டும் ஆய்வுக்கு அனுப்புவதே செய்யக்கூடிய காரியம். சிறுவர்களின் எலும்பு இதில் முக்கியமானது. 1960க்குப் பின் பிறந்த ஒரு குழந்தையின் எலும்பு முழுவதுமே அணுகுண்டுக் காலத்துக் காபனால் ஆனது. அந்த ஒரு சோதனையில் மயக்கத்துக்கு இடமே இராது.