சாளரத்துக்கு உரியவர் யார்?
வரைவியல் பணிசெயல் முறைமையின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

1988 மார்ச்சில் அப்பிள் நிறுவனம் மைக்றோசொவ்ற், ஹியூலெற் பக்காட் ஆகிய நிறுவனங்கள் மீது கலிபோர்ணியாவில் வழக்குத் தொடுத்தது. சாளரங்களும் படவுருக்களும் பட்டிகளும் அமைந்த தன் மக்கின்ரோஷ் கணினியின் திரைத் தோற்றத்தை விண்டோஸ் கவர்ந்துகொண்டது என்பதே அதன் முறைப்பாடு. மறு ஆண்டு டிசெம்பரில் ஸெரொக்ஸ் நிறுவனம் அப்பிள் மீதே வழக்குத் தொடுத்தது. உரிமை கோரியவரே பிரதிவாதியாகவும் நிற்க நேர்ந்த இந்நிலை, வரைவியல் பணிசெயல் முறைமை யாருடைய ஆக்கம் என்னும் வினாவை எழுப்புகின்றது.

இம்முறைமை பரவுமுன் கணினியைப் பயன்படுத்துவோர் கட்டளைச் சொற்களை மனனஞ் செய்து தட்டெழுத வேண்டியிருந்தது. 1968 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பாட் சுட்டியை அவையோர் முன் இயக்கிக் காட்டினார். 1970இல் ஸெரொக்ஸ் பாலோ அல்ரோவில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் 1973இல் அல்ரோ என்னும் கணினி உருவாயிற்று. ஒன்றன்மேலொன்றாக அமையும் சாளரங்களை அலன் கேயின் குழுவினர் அதில் இயங்கச் செய்தனர். எனினும் அல்ரோ வணிகப் பொருளாகவில்லை. 1981இல் வெளிவந்த ஸ்ரார், 16,000 டொலருக்கு மேற்பட்ட விலையினாற் பரவலாக விற்பனையாகவில்லை.

அப்பிள் இவற்றைக் களவாடியது என்பாருளர். ஆனால் 1979இல் ஸ்ரீவ் ஜொப்ஸ் முதலியோர் அந்நிலையத்தைப் பார்வையிட்டமை ஓர் உடன்பாட்டின் வழிப்பட்டதாகும். அதன்படி அப்பிளின் 100,000 பங்குகளைப் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கும் வாய்ப்பு ஸெரொக்ஸுக்குக் கிட்டியது. அங்கு சென்ற பில் அற்கின்சன், பகுதி மறைந்த சாளரமும் தானே புதுப்பிக்கப்படுவதைக் கண்டதாக எண்ணி, அதற்கொரு வழிமுறையை வகுத்தார். அல்ரோவில் அவ்வாற்றல் இருக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தார். கண்டதாகக் கொண்ட எண்ணமே புத்தாக்கத்துக்கு வித்தாயிற்று. 1983இல் 9,995 டொலருக்கு லீசாவும், 1984இல் 2,495 டொலருக்கு மக்கின்ரோஷும் வெளிவந்தன.

1985இல் வெளிவந்த முதல் விண்டோஸில் சாளரங்கள் அருகருகேதான் அமைந்தன. அவ்வாண்டே அப்பிளிடமிருந்து மைக்றோசொவ்ற் உரிமம் பெற்றது. 1987இன் இரண்டாம் பதிப்பில் அவை ஒன்றன்மேலொன்றாக அமைந்தமையே வழக்குக்கு வழிவகுத்தது. அப்பிள் சுட்டிய 189 கூறுகளுள் 179 அவ்வுரிமத்துள் அடங்கியவை எனவும், எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை பதிப்புரிமைக்கு உட்படாதவை எனவும் நீதிமன்றம் கண்டது. 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. ஸெரொக்ஸின் கோரிக்கைகளிற் பெரும்பாலானவை 1990இலேயே தள்ளுபடியாகியிருந்தன.

எண்ணம் பொதுவுடைமை, அதன் குறித்த வெளிப்பாடே உரிமைக்குரியது என்னும் சட்டக் கோட்பாடு இத்தீர்ப்பால் வலுப்பெற்றது. மாறாக முடிந்திருப்பின், சுட்டியாற் சாளரத்தைத் திறக்கும் எளிய செயலும் ஒரு நிறுவனத்தின் தனியுரிமையாகியிருக்கக்கூடும். எனினும் பொதுவுடைமை என்பதால் அதனை ஆக்கியோர் இலர் என்றாகாது. எங்கெல்பாட் தொடக்கம் அற்கின்சன் வரை ஒவ்வொருவரும் பெற்றதையும் புதிதாய்ச் சேர்த்ததையும் பிரித்தறிவது நீதிமன்றத்தின் பணியன்று. அது வரலாற்றாசிரியனின் கடன்.