கிளை நூலகம் (உசிலம்பட்டி வட்டாரம்)

மாவட்ட நூலக ஆணைக்குழுவின்கீழ் இயங்கும் சிறுநகரப் பொது நூலகம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமான 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே இதன் அடிப்படை. அச்சட்டத்துக்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் (1892–1972). அவரது நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வெளியான 1931இலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது.

உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியுடன் வசூலிக்கும் நூலக வரி கிளை நூலகத்தின் முதன்மை வருவாய். எனவே உசிலம்பட்டியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்குதாரர். இதைப் பலர் அறியாதது வருத்தத்துக்குரியது.

காலையில் நாளிதழ் படிக்கும் முதியவர்களும், பகலில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்போரும் இத்தகைய நூலகங்களின் முதன்மை வாசகர்கள். தனிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத, வீட்டில் தனி அறை இல்லாத மாணவிக்கு இங்குள்ள மேசையும் மின்விசிறியும் பெரும் உதவி. எந்தத் தேர்வுக்கு எந்த நூல் என்று எடுத்துத் தருபவர் நூலகர். நல்ல நூலகர் இல்லாத இடத்தில் அலமாரிகள் வெறும் கிடங்கே. வாசகர் வட்டம் அமைத்துக் கூட்டங்கள் நடத்துவதும் அவர் ஊக்கத்தைப் பொறுத்தது.

மாவட்டத் தலைநகரான மதுரையின் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. ஆயினும் பேருந்துச் செலவின்றி அன்றாடம் சென்றுவர உசிலம்பட்டியாருக்கு உள்ளூர்க் கிளை நூலகமே ஏற்றது.