நெட்வொர்க் பிரிண்டர்: ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு

ஒரே ஒரு கணினியோடு கேபிளால் பிணைக்கப்படாமல், தனக்கென ஒரு முகவரியோடு நெட்வொர்க்கில் தனித்து நின்று, யார் அனுப்பினாலும் அச்சிட்டுத் தரும் கருவியே நெட்வொர்க் பிரிண்டர். முதலில் வீட்டுக் கணினியோடு பிரிண்டர் வந்தது, பிறகுதான் நெட்வொர்க் வந்து அதைப் பலருக்கும் பொதுவாக்கியது என்று பலர் எண்ணுவதுண்டு. லேசர் பிரிண்டரைப் பொறுத்தவரை நடந்தது இதற்கு நேர்மாறானது. அது நெட்வொர்க்கிலேயே பிறந்தது. தனி மேசைக்கு வந்தது பிற்பாடுதான். பதினைந்து, இருபது ஆண்டு பழைய அலுவலகப் பிரிண்டர் ஒன்றை இன்றைய வீட்டு ரூட்டரோடு இணைக்கும்போது எழும் சிக்கல்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

நகல் எடுக்கும் இயந்திரத்தின் உருளைமீது, மூலத்தாளின் பிம்பத்துக்குப் பதிலாக லேசர் கதிரால் நேரடியாக எழுதலாம் என்ற எண்ணம் 1960களின் பிற்பகுதியில் கேரி ஸ்டார்க்வெதருக்குத் தோன்றியது. அப்போது அவர் நியூயார்க் மாநிலத்தில் ஜெராக்ஸின் வெப்ஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றினார். மேலதிகாரிகள் இதை ஊக்குவிக்கவில்லை. 1971 தொடக்கத்தில் அவர் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அந்நிறுவனம் புதிதாகத் தொடங்கியிருந்த பார்க் ஆய்வு மையத்துக்கு மாறினார். அந்த ஆண்டு முடிவதற்குள், ஜெராக்ஸ் 7000 என்ற நகல் இயந்திரத்தை மாற்றியமைத்து, இயங்கும் லேசர் பிரிண்டர் ஒன்றை உருவாக்கிவிட்டார். அது ஒரு நொடிக்கு ஒரு பக்கம், அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் அச்சிட்டது.

கணக்குப் போட்டால் இதன் வேகம் புரியும். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளில் அந்த நுணுக்கத்தில் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அத்தனையையும் ஒரே நொடியில் கொண்டுவந்து சேர்க்கும் கம்பி எந்த அலுவலகத்திலும் அன்று இல்லை. அதே மையத்தில் ஆல்டோ என்ற தனிநபர் கணினிகள் ஒவ்வொருவர் மேசைக்கும் வரத் தொடங்கியிருந்தன. அத்தனை கணினிகளும் ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அங்கு பணியாற்றிய பாப் மெட்கால்ஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் ஈத்தர்நெட் என்ற நெட்வொர்க்கின் வடிவத்தை முன்வைத்ததற்கு இந்தத் தேவை முக்கியக் காரணங்களில் ஒன்று. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் கட்டிய முதல் ஈத்தர்நெட் நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. இன்று வீட்டுச் சுவரில் இருக்கும் நெட்வொர்க் சாக்கெட் அந்தக் குறிப்பின் வழித்தோன்றல்.

2.94 மெகாபிட்டும் புள்ளிகளைச் சுமக்கப் போதவில்லை. ஆகவே பட்லர் லாம்சனும் ரான் ரைடரும் எழுத்துருக்களைப் பிரிண்டரின் பக்கத்திலேயே வைத்திருக்கும் தனிக்கருவி ஒன்றை அமைத்தார்கள். கணினி பக்கத்தின் புள்ளிகளை அனுப்பாது; எந்த எழுத்து எங்கே வர வேண்டும் என்ற விவரத்தை மட்டும் அனுப்பும். புள்ளியாக்குவது பிரிண்டர் பக்கத்து வேலை. இந்தப் பிரிவினைதான் பின்னாளில் பக்க விவரிப்பு மொழிகளாக வளர்ந்தது. ஜெராக்ஸில் அத்தகைய மொழியில் வேலைசெய்த ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982இல் வெளியேறி அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, போஸ்ட்ஸ்கிரிப்டை உருவாக்கினார்கள்.

பகிர்ந்த பிரிண்டருக்கு ஒரு குறை பிறவியிலேயே உண்டு: அனுப்பியவர் வேறு அறையில் இருக்கிறார், தாள் சிக்கினால் அவருக்குத் தெரியாது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, சிக்கல் நேர்ந்தால் காத்திருப்போர் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். 1980ஐ ஒட்டிய காலத்தில் ஜெராக்ஸ் அளித்த புதிய லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த கார்னெகி மெலன் ஆய்வாளர் ஒருவர், ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டித் தர மறுத்தார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்துக்கும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் தூண்டுதலாக அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நிகழ்ச்சி இது.

அதே ஆண்டுகளில் பெர்க்லி யூனிக்ஸில் எல்.பி.டி. என்ற அச்சு ஏற்பாடு நிலைபெற்றது. வேலைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் பெயர் முதலான விவரங்களைத் தனிக்கோப்பில் வைத்து, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு 515ஆம் போர்ட் வழியே அனுப்பும் முறை அது. பல ஆண்டுகள் பழக்கத்தில் மட்டும் இருந்த அந்த நெறிமுறை 1990 ஆகஸ்டில்தான் ஆர்.எஃப்.சி. 1179 என்ற ஆவணமாக எழுதிவைக்கப்பட்டது.

லேசர் பிரிண்டரை மேசைமீது கொண்டுவந்தது கேனான் செய்த சிறிய எஞ்சின். அதைக் கொண்டு ஹியூலெட்-பாக்கார்ட் 1984இல் 3,495 டாலருக்கு லேசர்ஜெட்டை வெளியிட்டது. அது ஒரே கணினியோடு கேபிளில் பிணைந்தது. அதே எஞ்சினை வைத்து ஆப்பிள் 1985 ஜனவரியில் அறிவித்த லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். அதற்குள் போஸ்ட்ஸ்கிரிப்டும், ஒன்றரை மெகாபைட் நினைவகமும், அந்நாளைய மேகின்டாஷைவிட வேகமான புராசஸரும் இருந்தன. ஒருவர் தனியாக வாங்கக்கூடிய விலை அல்ல அது. அதனால் ஆப்பிள் அதைத் தொடக்கத்திலிருந்தே பகிர்வதற்கென்று வடிவமைத்தது. நொடிக்கு 230.4 கிலோபிட் வேகமுள்ள ஆப்பிள்டாக் கம்பியில் 32 கருவிகள் வரை சேர்க்கலாம். பயனர் முகவரி எதையும் தட்டத் தேவையில்லை. சூஸர் என்ற பலகையைத் திறந்தால் பிரிண்டரின் பெயர் தானாகவே தெரியும். வீட்டு நெட்வொர்க்குகள் இந்த எளிமையைத் திரும்ப அடைய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

பி.சி. அலுவலகங்களில் நிலைமை வேறு. பிரிண்டர் நோவெல் நெட்வேர் சர்வர் ஒன்றின் பின்னால் தொங்கும். சர்வர் நின்றால் அச்சும் நிற்கும். இதை மாற்றியது ஹியூலெட்-பாக்கார்டின் ஜெட்டைரெக்ட் கார்டு. 1991இல் வந்த லேசர்ஜெட் 3எஸ்ஐ முதல், பிரிண்டருக்குள்ளேயே நெட்வொர்க் கார்டு பொருத்த முடிந்தது. நெட்வேரின் ஐ.பி.எக்ஸ்., ஆப்பிள்டாக், டி.எல்.சி., டி.சி.பி/ஐ.பி. என அந்நாளில் போட்டியிட்ட மொழிகள் பலவற்றையும் ஜெட்டைரெக்ட் கார்டுகள் பேசின. டி.சி.பி/ஐ.பி.க்கு அவை வைத்துக்கொண்ட வழி மிக எளியது: 9100ஆம் போர்ட்டில் தொடர்பு வந்தால், வரும் பைட்டுகளை அப்படியே அச்சிடு. வரிசையும் இல்லை, பெயர் கேட்பதும் இல்லை. இந்த வழியை மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. நிறுவனம் எதுவாயினும் நெட்வொர்க் பிரிண்டர் என்றால் 9100 திறந்திருக்கும் என்று இன்றும் பெரும்பாலும் நம்பலாம்.

முகவரி கொடுப்பதுதான் அன்று பெரும் பாடு. ரூட்டர் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. முறை 1993இல்தான் முதலில் வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்திய கருவிகள் ரார்ப், பூட்பி என்ற பழைய முறைகளைத் தேடும். யாரும் பதில் தராவிட்டால் பழைய ஜெட்டைரெக்ட் கார்டு 192.0.0.192 என்ற முகவரியைத் தானே சூடிக்கொள்ளும். இது 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளைப் போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும் அவற்றோடு சேராது. பின்னால் வந்த கார்டுகள் இதே நிலையில் 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொண்டன.

2000க்குப் பின் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. பிராட்பேண்ட் ரூட்டரால் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு நெட்வொர்க் உருவாயிற்று. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேசர்ஜெட் 4, 4000 வரிசை இயந்திரங்கள் குறைந்த விலைக்குப் பழைய சந்தைகளுக்கு வந்தன. பெரும் பணிச்சுமைக்கென்று கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் எஞ்சின்கள் வீட்டுப் பயன்பாட்டில் தேயாமல் நீடித்தன. பழைய நெட்வொர்க் பிரிண்டரை வீட்டில் இணைக்கும் வழக்கம் இங்கிருந்து பரவியது.

இணைப்பில் அடிக்கடி நேரும் தடங்கல், பிரிண்டர் தன் பழைய அலுவலகத்தின் நிலையான முகவரியை மறக்காமல் வைத்திருப்பது. அது வீட்டு ரூட்டரோடு பேசாது. ரூட்டரின் பட்டியலிலும் தெரியாது. முகப்புப் பலகையின் மெனுவிலிருந்து அமைப்புப் பக்கத்தை அச்சிட்டால் முகவரி, நெட்வொர்க் கார்டின் எண், நினைவக அளவு எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். மெனுவிலேயே முகவரியை மாற்ற முடிந்தால் வேலை அதோடு முடிந்தது. முடியாவிட்டால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம். அல்லது கணினிக்குத் தற்காலிகமாக அதே வரிசை முகவரி கொடுத்து, பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து திருத்தலாம். புதிய முகவரியை ரூட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவைப்பது அவசியம். இல்லாவிட்டால் ஒருநாள் முகவரி மாறி, கணினி ஆளில்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

கம்பியைப் பற்றிக் கவலை குறைவு. மிகப் பழைய கார்டுகளில் கோஆக்சியல் கேபிளுக்கான வட்டச் செருகி மட்டும் இருந்தால் சிக்கல்தான். சதுரச் செருகி இருந்தால், 10 மெகாபிட் கார்டும் இன்றைய கிகாபிட் ஸ்விட்சோடு தானாகப் பொருந்திக்கொள்ளும். 2.5 கிகாபிட் போர்ட்டுகள் சில மட்டும் 10 மெகாபிட்டை ஏற்பதில்லை. வைஃபை அப்படியல்ல. 2001இலேயே உடைக்கப்பட்ட டபிள்யூ.இ.பி. என்ற பழைய வைஃபை பாதுகாப்பை மட்டும் அறிந்த பிரிண்டர் இன்றைய ரூட்டரில் சேராது. அதற்காக வீட்டு வைஃபையின் பாதுகாப்பைக் குறைப்பது தவறு. ஒரு கேபிள் இழுப்பதே சரியான தீர்வு.

மென்பொருள் பக்கத்தில் காலம் பலவற்றைக் கொண்டுபோய்விட்டது. டி.எல்.சி.யை 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி கைவிட்டது. ஆப்பிள்டாக் 2009இல் மேக்கிலிருந்து நீங்கியது. வன்னாக்ரை என்ற தீநிரல் தாக்குதல் நடந்த 2017இல், கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பை விண்டோஸ் இயல்பாக நிறுவுவதை நிறுத்தியது. ஸ்கேன் செய்து கணினி ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் அந்த வசதி அன்றோடு நின்றது. பிழைத்திருப்பவை 9100உம் 515உம்தான். அதிகம் பேசாத நெறிமுறைகளே அதிக காலம் வாழ்ந்தன. விண்டோஸில் பிரிண்டரைத் தானாகத் தேடவிடாமல், முகவரியைக் கையால் கொடுத்து 9100ஐத் தேர்ந்தால் பெரும்பாலான பழைய இயந்திரங்கள் பதில் சொல்லும்.

முகவரி சரியான பின்னும் மொழி பொருந்த வேண்டும். பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழிகள் இரண்டில் ஒன்று தெரிந்த பிரிண்டருக்குப் பொது டிரைவரே போதும். கணினியே எல்லாப் புள்ளிகளையும் கணக்கிட வேண்டிய மலிவு ரகங்களுக்கு அவற்றின் சொந்த டிரைவர் இல்லாமல் வழியில்லை. தமிழில் அச்சிடுவோருக்கு இன்னொன்று. பழைய பிரிண்டர்களுக்குள் இருக்கும் எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துக்கானவை. தமிழ் எழுத்துகளின் வடிவங்களைக் கணினியே அனுப்ப வேண்டும், சில டிரைவர்கள் பக்கம் முழுவதையும் படமாகவே அனுப்பிவிடும். அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஒரு பக்கப் படம் நான்கு மெகாபைட்டுக்கு மேல் வரும். லேசர்ஜெட் 4 அடிப்படையாக 2 மெகாபைட்டோடுதான் விற்கப்பட்டது. பாதிப் பக்கம் வந்து நின்றால் பிரிண்டர் பழுது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 300 புள்ளிக்குக் குறைத்தால் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். கூடுதல் நினைவகம் பொருத்துவது இன்னும் நல்லது.

புதிய காலத்தின் பொதுமொழி ஐ.பி.பி. 1999இல் வெளியான இந்த நெறிமுறை 631ஆம் போர்ட்டில் இயங்குகிறது. தாள் அளவு, டோனர் நிலை, வேலையின் நிலை என எல்லாவற்றையும் கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்ள இடம் தருகிறது. மைக்கேல் ஸ்வீட் எழுதிய கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் அதே ஆண்டில் இதை அடித்தளமாகக் கொண்டு வந்தது. 2002இல் ஆப்பிள் அதை மேக்கில் ஏற்றது. அதே பதிப்பில், கருவிகள் தம் பெயரைத் தாமே அறிவிக்கும், பின்னாளில் பான்ஷூர் எனப்பட்ட வசதியும் வந்தது. ஐ.பி.பி.யும் பான்ஷூரும் சேர்ந்து 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் ஆனது. கைபேசியிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிட முடிவது இதனால்தான். பழைய பிரிண்டருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் கப்ஸ் நிறுவிய ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி ஒன்றை இடையில் வைத்தால், அது ஒருபுறம் கைபேசிகளோடு ஐ.பி.பி.யில் பேசி, மறுபுறம் பிரிண்டருக்கு 9100 வழியே அனுப்பும். லேசர்ஜெட் 4 கூட ஐபோனின் பட்டியலில் தென்படும்.

பெயர் கேட்காத 9100க்கு ஆபத்தும் உண்டு. 2018 நவம்பரில், இணையத்துக்குத் திறந்துகிடந்த பல்லாயிரம் பிரிண்டர்களில் யாரோ ஒருவர் ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் தாளை அச்சிடவைத்தார். ரூட்டரில் 9100ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடாமல் இருந்தாலே வீட்டுப் பிரிண்டர் இதிலிருந்து தப்பும்.

தனித்தனி நிறுவன டிரைவர்களைப் படிப்படியாக விட்டு ஐ.பி.பி.யின் பக்கம் நகரப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே உள்ள டிரைவர்களை நிறுவும் வழி அதனால் அடைபடவில்லை. ஆயினும் பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதற்குரிய டிரைவர் கோப்பை இப்போதே இறக்கி, அமைப்புப் பக்கத்தின் ஒரு பிரதியோடு பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.