அயனியும் அயனமும்

1834இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடேக்குப் பெயர்ப் பஞ்சம். கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் ஏதோ பிரிந்து இரு முனைகளுக்கும் போகிறது. அதைக் குறிக்கச் சொல் இல்லை. புத்தகம் கட்டும் கடையில் வளர்ந்தவருக்குக் கிரேக்கம் தெரியாது. கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெலுக்கு எழுதிக் கேட்டார். ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லையும் ஆக்கியவர் இந்த ஹியூவெல்தான்.

ஆனோடு, கேத்தோடு, அயான் என்ற பெயர்கள் அந்தக் கடிதப் போக்குவரத்தில் பிறந்தன. பூமியின் காந்தத்துக்கு மின்னோட்டமே காரணம் என்று வைத்துக்கொண்டால், அது கிழக்கிலிருந்து மேற்காக, சூரியன் போகும் திசையில் ஓடவேண்டும் என்பது ஃபாரடேயின் கணக்கு. எனவே ஆனோடு ஏறுவழி, உதயம். கேத்தோடு இறங்குவழி, அஸ்தமனம். அவற்றை நோக்கிச் செல்வது அயான்: கிரேக்கத்தில் ‘இயோன்’ என்றால் ‘போவது’.

நம் பாடநூல்களின் ‘அயனி’ இதன் ஒலிபெயர்ப்புதான். ஆனால் உத்தராயணத்தில் உள்ள ‘அயனம்’ வடமொழியில் ‘போதல்’. கிரேக்கச் சொல்லுக்கும் அதற்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். அங்கேயும் சூரியனின் போக்கு! ஒலியை மட்டும் பார்த்து எழுதியவர்களுக்குப் பொருளும் கூடவே கிடைத்துவிட்டது.

பெயரில் ஒரு சிக்கலும் இருந்தது. உப்பு கரைந்ததுமே, மின்சாரம் வருமுன்பே, அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று 1887இல் வேதியியலாளர் அர்ரீனியஸ் சொன்னார். அப்படியானால் எங்கும் போகாமல் கரைசலில் அலைந்துகொண்டிருப்பதற்கும் ‘போவது’ என்றே பெயர்.

பெயருக்கு முழுத் தகுதி வந்தது, கார்பன் சேர்மங்களால் கருவி செய்யும் கரிம மின்னணுவியலில்தான் என்பேன். சாதாரண டிரான்சிஸ்டரில் ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டு முனையின் மின்னழுத்தம் குறைக்கடத்தியின் மேற்பரப்பையொட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே ஆளும். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரைட்டன் குழு செய்த கரிம மின்வேதி டிரான்சிஸ்டரில், அயனிகள் பாலிமர் படலத்தின் உள்ளேயே புகுகின்றன. இன்று பெரிதும் பயன்படும் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர் படலத்தில் நேர் அயனி நுழைந்தால் மின்னோட்டம் குறையும், வெளியேறினால் கூடும். படலம் முழுவதும் இதில் பங்கெடுப்பதால் கேட்டில் ஏற்படும் சிறு மாற்றமும் மின்னோட்டத்தைப் பெரிதாக அசைக்கும். வேகம் மட்டும் குறைவு. அயனி எலக்ட்ரான்போல் ஓடாது. ஆனால் மூளையின் சமிக்ஞையும் அயனிகளின் நடமாட்டம்தானே, அதற்கு இந்த வேகம் போதும். பிரான்சில் மலியாரஸ் குழு 2013இல் இத்தகைய டிரான்சிஸ்டரை எலியின் மூளைமேல் வைத்துப் பதிவு எடுத்தது.

இங்கே ‘கரிம’ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அதன் ஆங்கில மூலமான ‘ஆர்கானிக்’ உயிருறுப்பைச் சுட்டிப் பிறந்தது. 1828இல் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்திலேயே யூரியா செய்தபின் அந்தப் பொருள் தளர்ந்தது. தமிழ் ‘கரி’யைப் பிடித்துக்கொண்டது, வேதியியலுக்கு இதுவே பொருத்தம்.

ஸ்வீடனின் லிங்கோப்பிங் பல்கலைக்கழகத்தில் மாக்னஸ் பெர்கிரன் குழு 2007இல் இதே கரிம மின்னணுவியலில், அயனிகளைச் செலுத்தும் அயனி எக்கி ஒன்றைச் செய்தது. 2009இல் அதன்வழி கினிப்பன்றியின் உட்காதுக்குள் குளுட்டமேட் அயனிகள் செலுத்தப்பட்டன. எலக்ட்ரான்கள் கம்பியோடு நின்றுவிட, உடலுக்குள் போனது அயனி.