தைராய்டு நோயும் மாதவிடாய் நிற்றலும்

பெரும்பாலும் 45 முதல் 55 வயதிற்குள் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஸ்திரீகளுக்குத் தோன்றும் உடற்சூடு, வியர்வை, படபடப்பு, நித்திரையின்மை, மனச்சஞ்சலம் ஆகிய லக்ஷணங்களே, கழுத்தின் முன்புறத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்த தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும்போதும் காணப்படுமாதலால், ஒன்றை மற்றொன்றாகக் கருதிச் சிகிச்சையைத் தாமதப்படுத்தும் விபரீதம் நேர்ந்துவிடுகிறது. அம்மிகைச் சுரப்புக்கு முக்கிய காரணமும், 1835இல் டப்ளின் நகர வைத்தியர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்து அவர் பெயரையே பெற்றதுமான வியாதியில், மாதவிடாய் குறைந்தோ தவறியோ போவது இம்மயக்கத்தை மேலும் வளர்க்கும். ஆயினும், மாதவிடாய் நிற்பதால் எழும் வெப்பம் சில நிமிஷங்களில் தணிய, சுரப்பியின் மிகையால் வருவதோ ஓயாது நீடிக்கும். வயிறார உண்டும் தேகம் மெலிவதும், நீட்டிய கைவிரல்கள் லேசாக நடுங்குவதும் மிகைச் சுரப்பின் அடையாளங்களாகக் கவனிக்கத்தக்கவை. சுரப்புக் குறைந்தாலோ சோர்வு, பருமன், மறதி, மிகுந்த உதிரப்போக்கு ஆகியவை உண்டாகும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எளிய இரத்தப் பரிசோதனையே ஐயத்தைப் பெரிதும் அகற்றுமாதலின், வயதின் கோளாறென்று சொல்லி ஒரு ஸ்திரீயின் வேதனையைப் புறக்கணித்தல் தகாது. இரவு வியர்வையோடு காய்ச்சலும் இருமலும் தொடர்ந்தால் காசநோயையும் ஆராய வேண்டும். மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கடந்தபின் மீண்டும் உதிரம் காணுமாயின், அது துளியளவேயாயினும், தாமதியாது வைத்தியரை நாடுதல் அவசியம்.